எஜமானி கொடுத்த அறை

"ஊருக்கே சாப்பாடு போட்டவடி அவ! அவளைப் போய்க் கொறை—"

"போட்டா அண்ணி, யாரு இல்லேன்னா? வீட்டுக்குள்ளயே ராப்பகலா கெடந்து பாத்துக்கிட்டவள மட்டும்—"

"அவளுக்குந்தான் மூணு வேளையும் போட்டா. இன்னும் என்ன, தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடணுமா?"

"வெளியாளுக்குக் குடுத்தா தர்மம், நாலு பேர் பாப்பாங்க. கூட இருக்கறவளுக்குச் செஞ்சா அது வெறும் கடமை. அதுக்குத்தான் யாருக்கும் கை வர்றதில்ல."

"வந்துட்டா வாத்தியாரம்மா! கடைசி அத்தியாயத்தப் படிடி."

சண்டை ஒரு பழைய நாவலில் வரும் எஜமானியைப் பற்றி. அண்ணிக்குக் கண் போனதிலிருந்து நாத்தனார்தான் தினமும் படித்துக் காட்டுவாள். நாத்தனாருக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அண்ணன் செத்த பிறகும் சமையலையும் அண்ணியையும் கவனித்துக்கொண்டு பின்னறையில் ஒண்டியிருந்தாள். அந்த வீட்டை ஊர் நூலகத்துக்கு இலவசமாக எழுதிவைக்கிறாள் அண்ணி. நாளைக்குப் பத்திரத்தில் கையெழுத்து. ஊரே வாயாரப் புகழ்கிறது. 'பின்னறை மட்டும் இவளுக்கு' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். கேட்டதற்கெல்லாம் "பாக்கலாம்" என்ற பதில்தான் வந்தது.

கதையின் எஜமானியும் மாளிகையை அநாதைகளுக்குக் கொடுத்துவிடுகிறாள். கூடவே இருந்து பணிவிடை செய்த தோழிக்கு என்ன கிடைத்தது என்பதை நாத்தனார் மத்தியானமே புரட்டிப் பார்த்திருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்:

"எஜமானி தோழியின் கையைப் பற்றினாள். 'தோட்டத்து அறை உனக்குத்தான். உன் உயிர் உள்ளவரை யாரும் உன்னை அங்கிருந்து எழுப்பக் கூடாது' என்றாள்."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்ன மனசுடி! மனுஷின்னா இப்படி இருக்கணும்."

பழம் நழுவிப் பாலில் விழப்போகிறது என்றே நாத்தனார் நினைத்தாள்.

"அந்த எடத்த இன்னொரு தரம் படி."

விரலைப் பக்கத்தில் ஓட்டினாள். "'தோட்டத்து அறையும் கிணறும் உனக்குத்தான்...'"

"முன்னால கெணறு வரலையே?"

"விட்டுட்டேன் அண்ணி."

"பரவால்ல. இன்னொரு தரம்."

"'தோட்டத்து அறையும், கிணறும், அதை ஒட்டிய கொட்டகையும்...'"

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "படிக்கப் படிக்க உன் சொத்து பெருகுதேடி!"

நாத்தனாரின் விரல் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டது.

"கண்ணு தெரிஞ்ச காலத்துல இந்தப் புத்தகத்தக் கரைச்சுக் குடிச்சவ நான். ஒரு போர்வையக் குடுத்து அவள வண்டி ஏத்தி விடுவா. அவ்வளவுதான். பீரோவுல உனக்கும் ஒண்ணு மடிச்சு வச்சிருக்கேன்." அண்ணி தலையணையில் வாகாகச் சாய்ந்துகொண்டாள்.

"இப்ப அச்சுல இருக்கறதப் படி. போர்வை வர்ற எடத்துல மட்டும் கொஞ்சம் சத்தமா."