முதல் நாள் வேகம்

அத்தான் அவளுடைய பட்டறைப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. பின்னாலேயே ஒரு சரக்கு வண்டி வந்தது. போர்வை சுற்றி, கயிறு கட்டி, ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டியை இரண்டு பேர் இறக்கி வைத்தார்கள்.

"என்ன ஸ்குரூ, சௌக்கியமா?" என்றார் அத்தான்.

அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான். பதினாறு வயதில் கையில் எது கிடைத்தாலும் கழற்றிப் பார்க்கிறவள் என்பதற்காக வைத்தது. 'ஒரு ஸ்குரூ கழண்ட கேஸ்' என்று முழுதாகச் சொல்லிச் சிரிப்பார். அக்காவைக் கட்டிக்கொண்ட பிறகு வீட்டில் எல்லாரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, முப்பத்தெட்டு வயதிலும் அவள் ஸ்குரூதான்.

போர்வையை விலக்கியதும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பக்கவாட்டில் தோல் உரிந்த மஞ்சள் ராக்கெட். கைப்பிடியில் சிவப்பு உருண்டை. கடைத்தெரு விளையாட்டுக் கூடத்தில் நின்ற அதே வீடியோ கேம் மெஷின். மேலிருந்து எதிரிக் கப்பல்கள் வரிசை வரிசையாக இறங்கும், கீழே இருந்து சுட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மெஷின் கம்பெனிக்காரர்கள் இதில் ஒரு போட்டி வைத்தார்கள். ஜெயிப்பவருக்கு மெக்கானிக் பயிற்சியில் இடம். அவளுக்கு அந்த இடம் வேண்டும் என்று உயிர் துடித்தது. அப்பா, "ஜெயிச்சா போ. தோத்தா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்று சொல்லியிருந்தார். மூன்று மாதம் பழகினாள். அவளை அடித்துக்கொள்ள ஆளே இல்லை என்றுதான் ஊரே பேசியது. போட்டியன்று மூன்றாவது சுற்றிலேயே கப்பல்கள் கல்மாரி போலக் கொட்டித் தீர்த்தன. அங்கே மெஷின்களின் சாவியை வைத்துக்கொண்டு வேலை பார்த்த அத்தான் ஜெயித்தார். பயிற்சிக்குப் போனார், திரும்பி வந்து அந்தக் கூடத்தையே எடுத்து நடத்தினார். அவளைத் தையல் கடையில் பித்தான் தைக்க உட்கார வைத்தார்கள். பழைய ரேடியோக்களைக் குடைந்து குடைந்து இந்த ரிப்பேர்த் தொழிலைத் தானாகக் கற்றுக்கொள்வதற்குள் முப்பது வயதாகிவிட்டது. அத்தனை வருஷமும் அவள் பழி போட்டது தன் கையின் மேல்தான். பயத்தில் விரல் ஓடவில்லை என்று நம்பினாள்.

"கூடத்தைப் புதுப்பிச்சிருக்கேன். திறப்பு விழாவுக்கு இதுதான் நடுநாயகம்" என்றார் அத்தான். "நோட்டீஸ்கூட அடிச்சாச்சு. முதல் நாள் இருந்த அதே மெஷின், அதே சாம்பியன்! எல்லார் முன்னாலயும் நானே ஆடப்போறேன். நீ உள்ள என்ன வேணா மாத்திக்க. ஆனா செட்டிங் இருக்கிறபடியே இருக்கட்டும். அதுல மட்டும் கை வைக்காத."

"ஏன் அத்தான்?"

"பழகின கை பாரு, அதுக்குத்தான்."

அவர் போனதும் பின்கதவைத் திறந்தாள். தூசி மூக்கில் ஏறியது. பேட்டரி கசிந்து போர்டின் பாதியைப் பச்சையாகத் தின்றிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தவள், அரிசி அளவு ஸ்விட்சுகள் வரிசையாக இருந்த மூலையில் நின்றாள். கப்பல்களின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்விட்சுகள் அவை. இரண்டு ஸ்விட்சுகளுக்கு மேலே ஒரு பொட்டு, கீழே ஒரு பொட்டு. ஊதா நிற நகப்பூச்சு. அக்கா ஒருத்திதான் அந்த நிறம் போடுவாள். பொட்டுகளுக்குப் பக்கத்தில் ஒட்டுத்தாளில் அத்தானின் சாய்ந்த கையெழுத்து. கீழே 'நான்'. மேலே 'மத்தவங்க'.

கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்த கம்பெனி அட்டவணையைப் படித்தாள். இரண்டும் கீழே இருந்தால் மிகக் குறைந்த வேகம். இரண்டும் மேலே இருந்தால் உச்ச வேகம். ஒன்று மேலே ஒன்று கீழே இருந்தால் தொழிற்சாலை வேகம்.

போட்டியன்று அவள் முறை வந்தபோது, "மெஷின் சூடாயிடுச்சு, ஒரு நிமிஷம்" என்று சொல்லி அத்தான் பின்கதவைத் திறந்ததும், மெஷினை அணைத்து மறுபடி போட்டதும் எதற்கென்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

அக்காவுக்குப் போன் போட்டாள். "அக்கா, மெஷினுக்குள்ள உன் நகப்பூச்சு இருக்கு."

அக்கா சொன்னாள்: "பழசை ஏண்டி கிளறுற? எனக்கும் அப்ப அவரோட ஒரு வாழ்க்கை அமையணும்னு இருந்தது."

அவள் போனை வைத்தாள். பிறகு வேலையில் இறங்கினாள். இரண்டு வாரம் அதிலேயே ஓடியது.

மங்கிப்போன கனத்த படக்குழாயைக் கழற்றிவிட்டுத் தட்டைத் திரையைப் பொருத்தினாள். அரித்துப்போன போர்டுக்குப் பதிலாக, பழைய சர்க்யூட்டை அச்சு அசலாக நடித்துக் காட்டும் உள்ளங்கை அளவு போர்டு ஒன்றைப் போட்டாள். புதிய பவர் சப்ளை, புதிய பட்டன்கள், தலைப் பலகைக்கு எல்.ஈ.டி. விளக்கு. கடைசியாக வேகம். அதை 'மத்தவங்க' அளவில் வைத்தாள். ஒரு பகல் முழுக்க அது அப்படியே இருந்தது. பார்க்கப் பார்க்க நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் உச்ச வேகத்தில் யார் ஆடினாலும் தோற்பார்கள். தொழிற்சாலை வேகத்தில் வைத்தால்தான், குறைந்த வேகத்துக்கே கை பழகின அவர் மட்டும் தோற்பார். மாற்றி வைத்தாள். வேகம் எதில் இருக்கிறதோ அதை ஆட்டம் தொடங்கும்போது திரையில் கொட்டை எழுத்தில் காட்டும்படி புரோகிராமில் ஒரு வரியும் எழுதிச் சேர்த்தாள்.

திறப்பு விழாவுக்குக் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது. அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார். 'வேகம்: தொழிற்சாலை அளவு' என்று திரை காட்டியது. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. இரண்டாவது சுற்றில் ஆட்டம் முடிந்தது.

"கை இன்னும் சூடாகல" என்று சிரித்தார். மறுபடி இரண்டாவது சுற்று. மூன்றாவது தடவை முதல் சுற்றையே தாண்டவில்லை. பக்கத்து மருந்துக்கடைக்காரர், "நான் ஒரு கை பார்க்கட்டுமா?" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஆடிய மனிதர் நாலாவது சுற்று வரை போய்விட்டு, "நல்லா இருக்கே!" என்றார். கூடமே சிரித்தது.

அத்தான் மைக்கைப் பிடுங்கினார். "மெஷின் கோளாறு. ரிப்பேர் பண்ணினவளுக்கு வேலை தெரியல."

அந்த வார்த்தைக்காகத்தான் அவள் காத்திருந்தாள் என்று சொல்ல வேண்டும். முன்னால் போய்ப் பின்கதவைத் திறந்தாள். பழைய போர்டைக் கண்ணாடி போட்டு உள்ளேயே மாட்டியிருந்தாள்.

"கோளாறு எங்கன்னு எல்லாரும் வந்து பாருங்க. இது கம்பெனி அட்டவணை. முதல் நாள் இருந்த வேகம் இதுதான், நோட்டீஸ்ல போட்ட மாதிரியே வெச்சிருக்கேன். இது போட்டியன்னிக்கு இருந்த போர்டு. இது யார் கையெழுத்துன்னு அத்தானே சொல்லட்டும்."

மருந்துக்கடைக்காரர் குனிந்து, மருந்துச் சீட்டு படிக்கிற குரலில் உரக்கப் படித்தார்: "நான்... மத்தவங்க."

கூட்டத்திலிருந்து வழுக்கைத் தலை டிரைவர் ஒருவர் முன்னால் வந்தார். அவரும் அந்தப் போட்டியில் தோற்றவர். "அப்ப என்னையும் இப்படித்தான் கவுத்தியா?" என்று கேட்டார். அத்தான் மைக்கைக் கீழே வைத்தார். அவர் முகம் செத்துப்போனதை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். ஒரு துளிகூடச் சிந்தாமல் குடிப்பது போலப் பார்த்தாள்.

நாலாம் நாள் அத்தான் பட்டறைக்கு வந்தார். அவள் உட்காரச் சொல்லவில்லை.

"ஏம்மா," என்றார். ஸ்குரூ என்ற பேச்சே இல்லை. "வேகத்தைக் குறைச்சா திரையில காட்டுதே, அந்த எழுத்தை மட்டும் எடுத்துடேன். வர்றவன் போறவன் எல்லாம் 'சாம்பியன், ஒரு ஆட்டம்'னு கூப்பிடுறான்."

"ஆடுங்களேன் அத்தான்."

"குடும்பம்னு ஒண்ணு இருக்கும்மா."

"பதினாறு வயசுல எனக்கும் இருந்தது. எடுக்க மாட்டேன்."

அன்று மதியமே அக்கா போனில் வந்தாள். "மனுஷன் வெளிய தலை காட்டுறதில்லடி. சாப்பிடுறதில்ல. என்னையும் அக்கம்பக்கத்துல ஒரு மாதிரி பார்க்கிறாங்க. போதும்டி, விட்டுடு."

"எனக்கு இன்னும் போதலக்கா" என்றாள் அவள்.

அக்கா அழ ஆரம்பித்தாள். அழுது முடிக்கும் வரை அவள் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.