துணைவேந்தரின் ஏரி

கலாதேவி சினார் கிந்தா பல்கலைக்கழகத்தின் தொடர்புப் பிரிவு அதிகாரி. அந்தப் பிரிவில் வேறு யாரும் இல்லாததால் அதற்குத் தலைவியும் அவள்தான். ஈப்போவுக்கு வெளியே, முன்பு பெல்மோர் தோட்டமாக இருந்த நிலத்தில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுக் கட்டிய தனியார் பல்கலைக்கழகம் அது. குனோங் ராபாட்டில் இருக்கும் அவள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை எட்டு மணிக்குத் துணைவேந்தரின் கடிதம் இரண்டாயிரத்து முந்நூறு பேருடைய மின்னஞ்சலில் போய் விழும். ‘நம் வளாகம், நம் குடும்பம்’ என்று அதற்குத் தலைப்பு. அந்த வாரத்து முன்னேற்றம், சமூக வாழ்வு, கீழே துணைவேந்தரின் கையெழுத்து. கையெழுத்தைத் தவிர மற்றதெல்லாம் கலாதேவி எழுதுவது.

துணைவேந்தர் டத்தோ தல்ஹா கெட்டவர் அல்ல. ஈப்போவில் சாப்பாட்டுக் கடை நடத்திய குடும்பத்தில் பிறந்து, நிர்வாகவியலில் டாக்டர் பட்டம் வாங்கி, காவலாளியின் பிறந்தநாளைக்கூட நினைவில் வைத்திருந்து கேக் அனுப்புகிறவர். எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக ஒரே ஒரு விதி வைத்திருந்தார். கலாதேவி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதைச் சொல்லிவிட்டார்.

“கடிதத்தப் படிக்கிறவங்க முகம் சுருங்கக்கூடாது, கலா. ‘இல்லை’, ‘தாமதம்’, ‘பழுது’, இந்த மூணு வார்த்தையும் வேணாம். எங்க அத்தா கடையில கோழி முடிஞ்சிருச்சின்னு ஒரு நாளும் சொன்னதில்ல. இன்னைக்கு மீன் பிரமாதமா இருக்குன்னுதான் சொல்லுவாரு.”

விதி மெல்ல எல்லாத் துறைகளுக்கும் பரவியது. வியாழக்கிழமைதோறும் துறைத் தலைவர்கள் கலாதேவிக்குச் செய்தி அனுப்புவார்கள். அவர்களே மீன் பிரமாதம் என்று எழுதக் கற்றுக்கொண்டார்கள். விரிவுரைக் கட்டடத்தின் லிஃப்ட் நின்றுபோனபோது ‘படிக்கட்டு வழியே உடல்நலம்’ என்று ஓர் இயக்கம் தொடங்கியது. இயற்பியல் விரிவுரையாளர்கள் இரண்டு பேர் வேலையை விட்டதும், அவர்கள் புதிய எல்லைகளைத் தேடிச் சென்றார்கள். கேண்டீனை மூடிய மாதம், மாணவர்கள் சமையலில் சுயசார்பு அடைந்தார்கள். கலாதேவி எல்லாவற்றையும் இன்னும் கொஞ்சம் மெருகேற்றி மாடிக்கு அனுப்புவாள். துணைவேந்தர் கைபேசியில் ஒரு கட்டைவிரலை அனுப்புவார். ஏழு வருடத்தில் இதை நினைத்து அவள் ஒரு நாளும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதில்லை.

நூலகத்துக்காகப் பள்ளம் தோண்டியது ஒரு மார்ச் மாதம். நிலவறையோடு கூடிய மூன்று மாடி நூலகம். பள்ளத்தைத் தோண்டி முடித்த குத்தகைக்காரர் தன் இயந்திரங்களை வேறு வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனார். போனவர் வரவில்லை. நவம்பர் மழை வந்தது.

தோட்டப் பிரிவு மேற்பார்வையாளர் பத்துமலை ஒரு காலையில் முழங்கால் வரை நனைந்த சிலுவார் கால்சட்டையோடு கலாதேவியின் மேசைக்கு வந்தார். ஐம்பத்தாறு வயது. பெல்மோர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். வளாகத்தில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தெரிந்த ஒரே ஆள்.

“தங்கச்சி, லைப்ரரி குழியில தண்ணி ரொம்பிருச்சி. மூங்கில விட்டுப் பாத்தேன், பதினாலு அடி. கரையெல்லாம் வெறும் மண்ணு. வேலி போடணும்லா. மூணு வாட்டி எழுதிக் குடுத்துட்டேன்.”

“யாருக்கு எழுதுனீங்க, அண்ணே?”

“கட்டட போஸுக்குத்தான்.”

கட்டடப் பிரிவுத் தலைவரின் வியாழக்கிழமைச் செய்தி ஏற்கெனவே அவள் மேசையில் இருந்தது. ‘நூலகத் தளத்தில் இயற்கையான நீர்நிலை ஒன்று உருவாகி, தோட்டப் பிரிவின் தொடர்ந்த ஆர்வத்தைப் பெற்றுள்ளது.’

கலாதேவி அன்றே நான்காவது மாடிக்குப் போனாள். துணைவேந்தர் சன்னல் அருகே நின்றுகொண்டிருந்தார். கீழே பள்ளம் நிறையப் பழுப்புத் தண்ணீர். அதில் சுண்ணாம்புக் குன்று தலைகீழாகத் தெரிந்தது.

“பாத்தீங்களா கலா, நம்மகிட்ட ஏரி இருக்கு.”

“டத்தோ, அது லைப்ரரிக்குத் தோண்டின…”

“லைப்ரரிக்குப் பக்கத்துல ஏரி. எந்த யூனிவர்சிட்டிக்கு இப்படி அமையும், சொல்லுங்க.”

அப்போது தொலைபேசி அடித்தது. அவர் பேசி முடிக்கும் வரை அவள் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. கீழே வந்து ‘சிந்தனை ஏரி’ என்று தட்டச்சு செய்தாள். படத்தைக் குன்று தெரிகிற பக்கத்திலிருந்து எடுத்தாள்.

படம் ஊரெல்லாம் சுற்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஈப்போவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். துணைவேந்தர் இருநூறு கெளுத்தியும் திலாப்பியாவும் வாங்கி விடச் சொன்னார். அதைக் கேள்விப்பட்டுப் பாகான் செராயிலிருந்து தூண்டில்காரர்கள் வந்தார்கள். வளாக வாசலில் கடை வைத்திருந்த நஜீமா இரண்டு மேசைகளைக் கரையிலேயே போட்டுத் தேத்தண்ணீரும் ரொட்டி சானாயும் விற்றாள். கல்யாணத்துக்கு முன் படம் எடுத்துக்கொள்ள ஜோடிகள் வந்தார்கள். ‘சமூக வாழ்வு மலர்கிறது’ என்று கலாதேவி ஏழு வருடமாக எழுதிவந்த வரி முதல் முறையாக உண்மையானது.

நூலகத்துக்கென்று வாங்கிய புத்தகங்கள் நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளில் பூப்பந்து மண்டபத்தில் கிடந்தன. மூன்றாம் ஆண்டு மாணவி ரஸ்னா, தங்களுக்குத் தண்ணீர் போதும், புத்தகம் எப்போது வரும் என்று கேட்டு ஆலோசனைப் பெட்டியில் எழுதிப் போட்டிருந்தாள். அடுத்த கடிதத்தில் அது, ‘ஏரிக்கரையில் வாசிக்க மாணவர்கள் ஆவல்’ என்று வந்தது.

பிப்ரவரியில் பசுமை வளாக விருதுக்கு நடுவர்கள் மூவர் ஐரோப்பாவிலிருந்து வந்தார்கள். விண்ணப்பத்தைக் கட்டடப் பிரிவுத் தலைவர் நிரப்பியிருந்தார். அதில் ஏரி, தோட்டக் காலத்து மரபுச் சின்னமாகியிருந்தது. நடுவர்கள் அந்த மண்ணிலேயே பிறந்த ஒருவரிடம் பேச வேண்டும் என்றார்கள். பத்துமலைக்குப் புது பாத்தேக் சட்டை கொடுத்துக் கரையில் நிறுத்தினார்கள். துணைவேந்தர் நடுவர்களுக்குப் பின்னால் நின்று புன்னகைத்தார். மொழிபெயர்க்கக் கலாதேவி.

நடுவர்களில் மூத்தவரான ஓர் அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டார். கலாதேவி தமிழுக்குத் திருப்பினாள்.

“அண்ணே, தோட்டம் இருந்த காலத்துல இந்த எடத்துல என்ன இருந்திச்சின்னு கேக்குறாங்க.”

பத்துமலை தண்ணீரைப் பார்த்தார். “இங்கயா? கக்கூஸ். ஆறு கதவு. வரிசையா இருக்கும்.”

மூன்று பேரும் கலாதேவியின் முகத்தைப் பார்த்தார்கள். துணைவேந்தரும் பார்த்தார். ஏழு வருடப் பழக்கம், அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது. தோட்டத்து மக்கள் அனைவரும் ஒவ்வொரு காலையிலும் தவறாமல் கூடிய இடம் இது என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மற்ற இருவரும் கை தட்டினார்கள். பத்துமலை மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எல்லாரையும் படம் எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மதியம் அவர் பாத்தேக் சட்டையை மடித்துக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார்.

“நான் கக்கூஸுன்னு சொன்னேன். எதுக்குக் கை தட்டுனாங்க?”

கலாதேவி உண்மையைச் சொன்னாள். அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை.

“அந்த ஆறு கதவையும் கழுவுனது எங்கம்மா. நல்லம்மாள்னு பேரு. காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்கு ஆளுங்க கூடுறதுக்கு முன்னாடி கழுவி முடிச்சிருக்கணும். தண்ணிய ஆத்துலேர்ந்து வாளியில சுமந்து வரணும். எழுபத்தொம்பதுல ஒரு நாளு ஆறு கதவையும் பூட்டிட்டு, சாவிய முந்தானையில முடிஞ்சிக்கிட்டு லயத்து வாசல்ல ஒக்காந்துட்டாங்க. பைப்பு போட்டாத்தான் தொறப்பேன்னுட்டாங்க. ஆபிஸ் கிராணி வந்து கத்துனாரு. தொறக்கல. மறுநாளு தொரையே வந்து கெஞ்சுனாரு. மூணாவது நாளு பைப்பு வந்திருச்சி. நான் சொல்ல வந்தது அதுதான். நீங்க கூடுற எடம்னு சொல்லிட்டீங்க.”

“மன்னிச்சிருங்க, அண்ணே.”

“பரவால்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எதிரில் வந்தால் தலையை மட்டும் அசைப்பார். தங்கச்சி என்று கூப்பிடவில்லை.

வெள்ளி விருது கிடைத்தது. கலாதேவி அதை மூன்று மொழியிலும் எழுதினாள். அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நஜீமா அவளுக்குப் போன் செய்தாள்.

“அக்கா, கரை விழுந்திருச்சி. என் மேச, நாலு நாற்காலி, அடுப்பு, எல்லாம் தண்ணிக்குள்ள போயிருச்சி. ஒரு குடும்பம் சாப்ட்டு எழுந்து கார்கிட்ட போறாங்க, அப்பதான் சரிஞ்சிச்சி. கைக்குழந்தையோட வந்தவங்க அக்கா. சட்டுன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்.”

கலாதேவி போனை வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். திங்கட்கிழமைக் கடிதம் தயாராக இருந்தது. அதை அழித்தாள். புதிதாக எழுத ஆரம்பித்தாள்.

‘நூலகத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிற்கிறது. ஆழம் பதினாலு அடி. வேலி இல்லை. தோட்டப் பிரிவின் பத்துமலை மூன்று முறை எழுதிக் கொடுத்தும் போடவில்லை. நேற்று கரை சரிந்தது. ஆள் சேதம் இல்லாதது அதிர்ஷ்டம். யாரும் அருகே போக வேண்டாம். நூலகம் தாமதம். புத்தகங்கள் நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளில் பூப்பந்து மண்டபத்தில் உள்ளன. விரிவுரைக் கட்டடத்தின் லிஃப்ட் பழுது. அந்தப் பள்ளம் இருக்கும் இடத்தில் தோட்டக் காலத்தில் கழிவறைகள் இருந்தன. விருதுக்கு வந்தவர்களிடம் அதை மாற்றிச் சொன்னது தொடர்புப் பிரிவின் கலாதேவி.’

மேலே வழக்கம்போல் குன்று தெரியும் படத்தை வைத்துத் துணைவேந்தருக்கு அனுப்பினாள். இரண்டே நிமிடத்தில் கட்டைவிரல் வந்தது; அவர் முழுதாகப் படிப்பது திங்கட்கிழமை காலையில்தான். காலை எட்டு மணிக்குக் கடிதம் போனது.

ஒன்பதரைக்கு மாடியிலிருந்து அழைப்பு வந்தது. கைப்பையில் வீட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, திரும்பி வர வேண்டியிருக்காது என்ற எண்ணத்தோடு போனாள்.

துணைவேந்தர் கடிதத்தைத் தாளில் எடுத்து மேசைமேல் வைத்திருந்தார். வரிக்கு வரி சிவப்புக் கோடு.

“ஒக்காருங்க, கலா. இது பதினாலு அடியா?”

“ஆமா, டத்தோ.”

“லைப்ரரி எடமே இதுதானா? நான் அந்தப் பக்கம் வருதுன்னுல்ல நெனச்சேன். வரைபடத்துல நீலமா ஒண்ணு இருந்திச்சே.”

“அது கார் நிறுத்துற எடம், டத்தோ.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “லிஃப்ட் வேல செய்யலையா? படிக்கட்டு இயக்கம்னு போட்டோமே. நானே வந்து தொடக்கி வெச்சேனே.”

“லிஃப்ட் நின்னதாலதான் இயக்கம், டத்தோ.”

“அந்த ஃபிசிக்ஸ் ஆளுங்க ரெண்டு பேரு? ஆராய்ச்சிக்குப் போனவங்க?”

“ஒருத்தர் பினாங்குல டியூஷன் சென்டர் வெச்சிருக்காரு. இன்னொருத்தர் கிராப் கார் ஓட்டுறாரு.”

அவள் அப்போதுதான் புரிந்துகொண்டாள். இந்த மனிதர் தன் பல்கலைக்கழகத்தைப் பற்றி அறிந்துகொண்டதெல்லாம் தான் கையெழுத்திட்ட கடிதத்திலிருந்துதான். இரண்டாயிரத்து முந்நூறு பேரில் அதை நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

“ஏன் எங்கிட்ட யாருமே சொல்லல?” என்று கேட்டார்.

“நீங்கதான் முகம் சுருங்கக்கூடாதுன்னு சொன்னீங்க, டத்தோ.”

“படிக்கிறவங்க முகத்தச் சொன்னேன்” என்றார். பிறகு, தானும் படிக்கிறவர்தான் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். எழுந்து சன்னலின் திரையை இழுத்து மூடினார்.

அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. மதியத்துக்குள் வேலி வந்தது. இரண்டு வாரத்தில் பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். மீன்களைப் பாகான் செராய்காரர்கள் டின் டின்னாக அள்ளிக்கொண்டு போனார்கள். பள்ளத்தின் அடியில் நஜீமாவின் மேசை நான்கு காலும் மேலே பார்க்கக் கிடந்தது. ஏரியை மூடியதை எதிர்த்து ஊர்க்காரர்கள் நூறு பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். ரஸ்னாவும் அவள் தோழிகளும் யாரையும் கேட்காமல் பூப்பந்து மண்டபத்தில் பெட்டிகளைப் பிரித்து, புத்தகங்களைப் பார்வையாளர் படிகளில் அடுக்கினார்கள். நஜீமா கடையை அந்த மண்டபத்து வாசலுக்கு மாற்றிக்கொண்டாள்.

கலாதேவி விருதுக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். கக்கூஸ், ஆறு கதவு, நல்லம்மாள், தண்ணீர் சுமந்த வாளி, சாவி, பைப்பு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் உள்ளபடி வைத்தாள். வெள்ளி விருதைத் திருப்பி அனுப்புவதாகவும் சொன்னாள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஏரிக்குக் கொடுத்த விருதை ரத்து செய்துவிட்டார்கள். ஆனால் இந்த ஒளிவுமறைவற்ற தன்மையைப் பாராட்டி, ‘வெளிப்படையான வளாகம்’ என்ற பிரிவில் தங்க விருது கொடுத்திருந்தார்கள். துணைவேந்தருக்கு ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை.

விருதுக் குழுவுக்குத் தான் எழுதிய கடிதத்தைக் கலாதேவி தமிழில் பெயர்த்துப் பத்துமலையிடம் கொடுத்தாள். அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றபடியே படித்தார்.

“ரெண்டு வாளின்னு போட்டிருக்கீங்க. நாலு வாளி, தங்கச்சி. தோள்ல ரெண்டு, கையில ரெண்டு.”

அவள் பேனாவை எடுத்துத் திருத்தினாள்.

இப்போது வியாழக்கிழமைதோறும் துணைவேந்தர் பத்துமலையோடு வளாகத்தை ஒரு மணி நேரம் நடந்து சுற்றுகிறார். அது அவருக்குப் பிடிக்கவில்லை. சேறு பட்ட சப்பாத்தோடும் வாடிய முகத்தோடும் திரும்பி வருகிறார். கடிதமும் சுருங்கிவிட்டது. சில வாரம் நாலே வரி. ஆனால் ஏழு வருடமாக ஒருவரும் பதில் போடாத அந்தக் கடிதத்துக்கு இப்போது திங்கட்கிழமை பத்து மணிக்குள் முப்பது, நாற்பது பதில்கள் வந்துவிடுகின்றன. பெரும்பாலும் திட்டித்தான். கலாதேவி தேத்தண்ணீர் வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிக்கிறாள்.