சூப்பர்வைசருக்கு அளவெடுத்த நாள்

திருப்பாச்சூர் மேட்டுத் தெருவில் ராஜவேலுவை எட்டு வருஷமாக யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காக்களூரில் பம்பு செய்கிற கம்பெனியில் அவரை இரும்பு கடைகிற லேத் மெஷினிலிருந்து எடுத்து சூப்பர்வைசராகப் போட்டார்கள். அன்றிலிருந்து தெருவுக்கும் அவர் சூப்பர்வைசர்தான். அவரும் லேசுப்பட்ட ஆளில்லை. சட்டைப் பையில் இரண்டு பேனா ஏறியது. நடையில் ஒரு நிதானம் வந்தது. சித்திரைத் திருவிழாவில் அம்மனைத் தோளில் தூக்கிக்கொண்டிருந்த மனுஷர், வெள்ளைச் சட்டை கசங்காமல் பல்லக்குக்கு முன்னால் நடந்து, "லெப்ட்டு, லெப்ட்டு" என்று கை காட்டுகிற ஆளாகிவிட்டார். தூக்குகிறவர்களுக்கு அந்த வழி கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும் என்பது வேறு விஷயம்.

எழுபத்தேழாம் வருஷம் பங்குனியில் கம்பெனியில் இரண்டு ஷிப்டை ஒன்றாக்கினார்கள். ஒரு சூப்பர்வைசர் போதும் என்றார்கள். ராஜவேலு மறுபடி லேத்துக்குப் போனார். சம்பளத்தில் கை வைக்கவில்லை, ஒரு கடுஞ்சொல் கிடையாது. ஆனாலும் மனுஷருக்கு உயிரே போனமாதிரி ஆகிவிட்டது. தெருவுக்குத் தெரிந்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பது?

அதனால் தினமும் வெள்ளைச் சட்டையும் இரண்டு பேனாவுமாகச் சைக்கிளில் கிளம்புவார். கம்பெனிக்குள் போய் நீலச் சட்டைக்கு மாறுவார். சாயங்காலம் மறுபடி வெள்ளை. இதில் வேடிக்கை என்னவென்றால், லேத்தில் நிற்பது அவருக்குப் பிடித்திருந்தது. இரும்புச் சீவல் சுருள் சுருளாக விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றால் மத்தியானம் நன்றாகப் பசித்தது; வீட்டுக்கு வந்தால் தூக்கம் அடித்துப் போட்டது. எவனெவனோ செய்த தப்புக்குப் பதில் சொல்லிச் சொல்லி வந்த நெஞ்செரிச்சல் போன இடம் தெரியவில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

தெருவில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் மனைவி அங்காளம்மாள். "போனா போவுது, உடுய்யா" என்று முடித்துவிட்டாள். அவ்வளவு சுலபமாக அவள் முடித்ததில் அவருக்கு இன்னும் கோபம்.

திருவிழா வந்தது. கூட்டத்தில் எவனாவது காக்களூர்க்காரன் உளறிவிட்டால்? ராஜவேலு காலையிலேயே ஜுரம் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டார். சித்திரைப் புழுக்கத்தில் உள்ளே வேர்த்து ஊற்றியது.

பச்சையப்பன் வந்தார். சாமி தூக்குகிறவர்களுக்கு அவர்தான் தலைவர். கையில் மூங்கில் கம்பு. பல்லக்குத் தண்டு ஏறுகிற தோள்கள் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் அம்மன் சாய்ந்துவிடுவாள். அதனால் கம்பில் வெட்டிய கோட்டுக்குத் தோள் சரியாக வருகிறவனுக்குத்தான் இடம். எவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளையானாலும், கோட்டுக்கு வராவிட்டால் ஓரமாக நடக்க வேண்டியதுதான்.

"இன்னா சூப்ரேஜர், பட்த்துக்கினு கீற? சின்னதுரைக்குக் கால்ல முள்ளு ஏறிடுச்சி. பின்னால தூக்க ஆள் இல்ல. அந்த ஒசரத்துக்குப் பழைய ஆளு நீதான். ஏந்திரு."

"எனக்கு ஜொரம், பச்சையப்பா."

பச்சையப்பன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஜொரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நில்லு."

ராஜவேலு எழுந்து நிற்க, கம்பைப் பக்கத்தில் வைத்தார். தோள் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அப்படியேதான்.

"இன்னா பேஜாரா கீது? மன்சன் கொறஞ்சி பூடுவானா?" தலையைச் சொறிந்தார். "சரி, நீ பட்த்துக்க. நான் ராமலிங்கத்தப் பாக்கறேன்."

ராஜவேலுவுக்குத் தப்பித்தோம் என்று இருந்தது. ஆனாலும் பச்சையப்பன் கையிலிருந்த கம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு காலத்தில் அந்தக் கம்பை வைக்காமலே அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

அடுப்படியிலிருந்து வந்த அங்காளம்மாள் பச்சையப்பனை மறித்தாள். "கொறையலண்ணா. ஒரு மாசமா இது இப்டித்தான் கூனிக்கினு திரியுது." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "இன்னா, திருடிட்டியா நீ? நிமிந்து நில்லுய்யா!"

அவள் அப்படிக் கத்தி அவர் கேட்டதே இல்லை. திடுக்கிட்டு நிமிர்ந்தார். தோள் சரியாகக் கோட்டுக்கு வந்தது.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பச்சையப்பன் பின்னால் போனார். தண்டு தோளில் இறங்கியதும் "யம்மாடி" என்றார். அம்மன் கனத்துவிட்டாளா, நாம்தான் பூஞ்சையாகிவிட்டோமா என்று யோசிக்க நேரமில்லை. முன்னால் போகிறவனின் குதிகால் எழும்பும்போது தன் காலும் எழும்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. கை காட்ட ஆளில்லாமலே பல்லக்கு மூன்று தெரு சுற்றியது. தோள் எரிந்தது. ராஜவேலுவுக்குச் சந்தோஷமாக இருந்தது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது, அப்படியொரு சந்தோஷம்.

ஆலமரத்தடியில் பல்லக்கை இறக்கினார்கள். அவரோடு சின்ன வயதில் மண்ணில் புரண்டு விளையாடிய குப்பாயி அங்கே பானை நிறைய நீர்மோர் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"தள்ளுங்க, தள்ளுங்க. மொதல்ல சூப்ரேஜருக்கு" என்றாள்.

நீட்டிய கையை அவர் நிறுத்திக்கொண்டார். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று பட்டது.

"குப்பாயி, நான் சூப்பர்வைசர் இல்ல. எடுத்துட்டாங்க. ஒரு மாசமா லேத்துலதான் நின்னுக்கினு கீறேன்." சுற்றி நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னார்.

குப்பாயி சொம்பைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்தாள். பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"அப்பாடா! எட்டு வருசமா அந்தப் பேரு என் வாய்லயே நொழையல. நீ ஆசப்படறியேன்னுதான் தெருவே நாக்கு சுளுக்கிக்கினு கெடந்துது."

பச்சையப்பனுக்குச் சிரித்துப் புரையேறியது. இத்தனை நாளும் தெரு தனக்குக் கொடுத்தது செல்லம் என்று புரிந்ததும் ராஜவேலுவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"டேய் ராஜவேலு, மோரு வேணுமா, வேணாமாடா?" என்றாள் குப்பாயி.

"ஊத்துடி" என்று இரண்டு கையையும் குவித்து நீட்டினார் ராஜவேலு.