இருபது டிஸ்க்குக்கு அட்டை

வியாழக்கிழமை அப்பாவின் குரல்வளையை எடுத்துவிடுவார்கள் என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலையே மூத்தவள் காகிதக் கடை வாசலில் போய் நின்றாள். கடை திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

அப்பா முப்பத்தோரு வருஷம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அவர் சொன்னால், பெஞ்சில் தூங்குகிறவனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவான். அந்தக் குரலிலேயே அவருடைய கதைகளைப் பதிந்து, சொந்தபந்தங்களுக்கு ஆளுக்கொரு டிஸ்க் கொடுக்க வேண்டும் என்பது அவள் யோசனை. அத்தை, சித்தப்பா வீடுகளில் இன்னும் பழைய டிஸ்க் பிளேயர்தான். மொத்தம் இருபது. ஒவ்வொரு பெட்டிக்கும் கடையில் வாங்கியது போல, மைக் முன்னால் அப்பா பேசுகிற அட்டைப்படம் இருக்க வேண்டும்.

அவள் கட்டட வரைபடம் வரைகிறவள். ஒரு கோடு அரை மில்லிமீட்டர் பிசகினாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

வீட்டில் இருந்தது மை தெளிக்கிற சின்ன பிரிண்டர். முதலில் சாதாரணத் தாளில் எடுத்தாள். மைக்கின் கறுப்பு அப்பாவின் தாடைவரை ஊறி, தாளே அலை அலையாக நெளிந்தது. அடுத்து பளபளப்பான போட்டோ தாள். முகம் அச்சு அசலாக வந்தது. ஆனால் பின்பக்க அட்டையை, பெட்டியின் முதுகுக்காக ஓரத்தில் ஒடுக்கமாக மடிக்க வேண்டும். மடித்த இடத்தில் பளபளப்பு வெடித்து, அப்பாவின் பெயர்மேல் வெள்ளைக் கோடு விழுந்தது. கனமும் அதிகம், முன்பக்கம் உள்ளே போக மறுத்தது.

"ஏம்மா, செத்த உக்காரேன்," என்றார் அப்பா நாற்காலியிலிருந்து. குரல் ஏற்கெனவே கரகரத்தது.

"இதோ வந்துட்டேன்ப்பா."

வரவில்லை. செவ்வாய்க்கிழமை தங்கை வீட்டுக்காரரின் அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே லேசர் பிரிண்டர் இருந்தது. கையோடு கொண்டுபோன போட்டோ தாளை அதில் செருகப் போனவளை அவர் பதறிப்போய்த் தடுத்தார்.

"அக்கா, சூட்டுல அந்தப் பளபளப்பு உருகி உள்ள ஒட்டிக்கும். அப்புறம் நான் வேற வேலைதான் தேடணும்."

சாதாரணத் தாளில் எடுத்துக் கொடுத்தார். எழுத்து கத்தி மாதிரி இருந்தது. அப்பாவின் முகம்தான் களையே இல்லாமல் செத்துக் கிடந்தது. அவள் அதைப் பார்க்கப் பிடிக்காமல் நாலாக மடித்துப் பைக்குள் திணித்தாள்.

புதன்கிழமை காலை மறுபடியும் காகிதக் கடை. நாலாவது தடவை வருகிறவளைப் பார்த்துக் கடைக்காரருக்கே பாவமாக இருந்தது.

"உங்க பிரிண்டரே போதும்மா. மினுக்கமில்லாத மேட் தாள் வாங்கிக்குங்க, நூத்தியிருபது கிராம் கனத்துல. அடிச்சதும் பத்து நிமிஷம் காய விடுங்க. மடிக்கிற எடத்துல மை தீர்ந்த பேனாவால அழுத்திக் கோடு போட்டுட்டு அப்புறம் மடிங்க."

அவர் சொன்னபடியே வந்தது. மதியம் மூன்று மணிக்கு மேசை நிறைய இருபது பெட்டிகள். அப்பா ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தார். திருப்பினார். திறந்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு. உள்ள ஒண்ணையும் காணோமே?"

அவள் கத்தரிக்கோலால் இன்னொரு அட்டையின் ஓரத்தை நறுக்கினாள்.

"ஆஸ்பத்திரிக்கு எத்தன மணிக்குப் போகணும்?"

"சாயங்காலம் ஆறுக்கு."

"அப்ப என்னைக்குப் பேசுறது?"

"பேச ஆரம்பிச்சா முடிஞ்சிடுமேப்பா," என்றாள். சொன்ன பிறகுதான் மூன்று நாளாக எதிலிருந்து ஓடிக்கொண்டிருந்தோம் என்பது அவளுக்கே உறைத்தது.

"முடியட்டும். கத்தரிக்கோலக் கீழ வச்சிட்டு உக்காரு."

போனைப் பதிவில் போட்டு அவர் முன்னால் வைத்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நடைமேடையை மாற்றிச் சொல்லி நாற்பது பேரை மூட்டை முடிச்சோடு ஓடவிட்ட கதையில் ஆரம்பித்தார். இடையிடையே இருமினார், தண்ணீர் குடித்தார், மறந்து போய் முதலிலிருந்து சொன்னார். அவளுக்குக் கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு பெட்டியில் அட்டையின் ஓரம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தது. எழுந்துபோய் நறுக்கிவிடலாமா என்று கை பரபரத்தது. எழவில்லை. ஆறுக்குக் கால் மணி இருக்கும்போது தங்கை வண்டியின் ஹாரன் கேட்டது. ஒரு மணி பத்து நிமிடம்தான் தேறியிருந்தது.

பின்பக்கத்தில் அவள் அச்சடித்திருந்த பன்னிரண்டு தலைப்புகளில் நாலைத்தான் அவர் சொல்லியிருந்தார். சொன்னதில் இரண்டு பட்டியலிலேயே இல்லை. மறுபடி அச்சடிக்க அவளுக்கு மனமில்லை. பேனாவால் அடித்துத் திருத்தி, பதிவை டிஸ்க்குகளில் ஏற்றி, இருபதையும் அனுப்பினாள்.

ஆபரேஷன் முடிந்த ஒன்பதாம் நாள் அத்தை போன் செய்தாள். மூத்தவள் அதை அப்பாவின் காதில் வைத்தாள்.

"ஏண்டா, அந்த நாப்பது பேர ஓட வச்சியே, அதுல நானும் ஒருத்தி. அது உன் தப்புன்னு இத்தன வருஷம் எங்கிட்ட மறைச்சிட்டியே பாவி," என்று அத்தை விடாமல் சிரித்தாள்.

அப்பாவின் தோள்கள் குலுங்கின. கழுத்துக் கட்டு அசையாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கை விரலால் போனை டொக் டொக்கென்று தட்டினார்.

"கேக்குது, கேக்குது," என்றாள் அத்தை.