மாமாவும் மருமகனும் ஆடிய கழுதை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோறு முடிந்தால், துறைமுகத்தை ஒட்டிய ஓர்ஸ் ஹில்லில் ஞானசேகரம் வீட்டு மேசையில் சீட்டுக் கடுதாசிகளோடு கழுதை விளையாட்டுத்தான். போட்ட இனக் கடுதாசி கையில் இல்லாதவர் வேறொன்றை வைத்து வெட்டுவார். பெரிதாகப் போட்டவர் எல்லாவற்றையும் அள்ளவேண்டும். கை காலியானவர் தப்பினார்; கடைசிவரை கடுதாசியோடு இருப்பவர் கழுதை. அவருக்கு முன் கடைசியாகத் தப்பியவர் எதைச் சொன்னாலும் கழுதை செய்தாகவேண்டும். அந்த வீட்டில் இதற்கு மறுபேச்சே கிடையாது.

அன்றைக்குப் புது மருமகன் சிவகுருநாதனுக்கு மண்டை குழம்பிக் கிடந்தது. மூதூரில் படிப்பிக்கிறவன், கிழமைக்கொருக்கால் கடல் கடந்து லோஞ்சுப் படகில் வந்து போகிறான். அங்கே வாடகைக்கு வீடும் பார்த்துவிட்டான். ஆனால் தாயில்லாத ஒற்றைப் பிள்ளையை என்னோடு அனுப்புங்கோ என்று மாமா ஞானசேகரத்திடம் கேட்க நா எழவில்லை. "இண்டைக்கு அப்பாவைக் கழுதையாக்கிப்போட்டுக் கேளுங்கோ" என்று அவன் பெண்சாதி கமலேஸ்வரி, வீட்டாருக்குக் கமலா, காலையிலேயே சொல்லிவிட்டாள். அவனுடைய அம்மாவோ, "மாமாவை வெண்டு கிண்டு போடாத, மரியாதையில்லை" என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். யார் பேச்சைத்தான் கேட்பான், பாவம்!

மாமாவுக்கு வெட்டு விழக்கூடாதென்று அவன் பெரிய கடுதாசியாகப் போட்டுத் தானே அள்ளினான். மாமாவும் அதையே செய்தார்! அவன் கிங் போட்டால் அவர் அதைவிடப் பெரிய ஆஸ் போட்டார். துறைமுகத்து ஆட்களை எல்லாம் கழுதையாக்கிய மனுசன், சின்னப்பிள்ளைகூடப் போடாததைப் போட்டார். நக்கலடிக்கிறாரோ? சோதிக்கிறாரோ? மேசைக்குக் கீழே கமலா அவன் காலில் உதைத்தாள். அது எதற்கென்றும் விளங்கவில்லை.

"என்ன ஞானம் அண்ணை, கண் தெரியேல்லையோ?" என்றார் பக்கத்து வீட்டு ஜவாஹிர்.

"நீர் உம்மட ஆட்டத்தைப் பாரும்."

ஜவாஹிரும் கமலாவும் சுறுக்காகத் தப்பிவிட்டார்கள். மாமாவும் மருமகனும் மிஞ்சினார்கள், ஆளுக்கு இரண்டு கடுதாசியோடு. சிவகுருவுக்கு வெல்லவும் வழி இருந்தது, தோற்கவும் வழி இருந்தது. அம்மாவை நினைத்துக்கொண்டு, மாமாவிடம் இல்லாத இஸ்கோப்பன் இனத்தில் ஒன்றை வைத்தான். மாமா அவனை முறைத்துப் பார்த்துவிட்டு வெட்டினார். அள்ளி, திரும்பவும் அதையே வைத்தான். வெட்டாமல் அவருக்கு வழியில்லை. மாமாவின் கை காலியாகிவிட்டது; மருமகன்தான் கழுதை.

கமலா விசுக்கென்று எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். சிவகுருவுக்கு அழுகை வராத குறை.

"நீங்கள் என்ன தம்பி விளையாட்டு விளையாடுறீங்கள்?" மாமா கத்தினார். "நான் தோத்தால் நீங்கள் கேப்பீங்கள், சட்டத்துக்காக ஓமெண்டு சொல்லிப்போடலாம் எண்டெல்லோ இருந்தனான்! இப்ப நானே வாயால சொல்லவேண்டிக் கிடக்கு."

சிவகுரு அள்ளிய கடுதாசிகளை மேசையில் வைத்தான்.

"கமலா பெட்டி கட்டி வைச்சிருக்கிறது எனக்குத் தெரியாதோ? நாளைக்குக் காலமை லோஞ்சில அவளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. கழுதை மறுக்க ஏலாது."

குசினியில் ஏதோ பாத்திரம் விழுந்தது. ஞானசேகரம் கடுதாசிகளை ஒன்றுசேர்த்து, நெடுநேரம் குலுக்கிக்கொண்டே இருந்தார்.

"ஜவாஹிர், இதை ரெண்டு பேர் விளையாட ஏலுமோ?"

"ஏலும் அண்ணை" என்றார் ஜவாஹிர். "நான் வாறன்."