இரண்டாவது பொட்டலம்

விழுந்தது விழுந்ததுதான். மூன்று வருடமாக என் மேசையில் இருக்கும் ஒரே சட்டம் அது. கெஞ்சினாலும் கிடையாது, பிறந்தநாள் என்றாலும் கிடையாது.

விளையாட்டு இதுதான். நான் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவள். காடு, கோட்டை, முதலை, மழை எல்லாவற்றையும் வாயாலேயே சொல்வேன். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் இறங்குவார்கள். அவர்கள் துணிந்து ஏதாவது செய்தால், அது பலிக்குமா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பல கேம் மாஸ்டர்கள் ஓர் அட்டைக்குப் பின்னால் உருட்டிவிட்டு, ஆள் சாகப்போகிறான் என்றால் எண்ணை மாற்றிச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்தப் பித்தலாட்டம் அறவே ஆகாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பெருங்களத்தூரில் நண்பன் விக்கியின் ஃபிளாட்டில் விளையாடிக்கொண்டிருந்தோம். ஜெயவேலுவின் கட்டாரி அறுந்த பாலத்தில் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டிருந்தான். கட்டாரி ஒரு திருடன். ஜெயவேலு ஆரம்பத்திலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்த பாத்திரம். கீழே முதலைகள். பத்துக்கு மேல் விழுந்தால் பிழைப்பான், இல்லையென்றால் அவ்வளவுதான்.

“இன்னா கீதா, இடுப்புல கயிறு கட்டிக்கினுதான் ஏறுறேன்னு அப்பவே சொன்னேன்ல? அவன் பொழைக்கணும்னு உனக்கே தோணுது. நீயே சொல்லிடேன்” என்றான் ஜெயவேலு.

“நான் சொல்ல மாட்டேன். பகடை சொல்லும்.”

“அப்போ நீ எதுக்கு? பகடையே போதுமே.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதில் சொல்வதற்குள் அப்பா போனில் கூப்பிட்டார்.

எனக்கும் ஜெயவேலுவுக்கும் கல்யாணம் பேசி வீட்டில் ஆறு மாதமாக ரகளை. எங்களுடையது கோவிலம்பாக்கத்தில் நிலபுலனோடு இருந்த பழைய குடும்பம். அவன் கடலோரக் குப்பத்துப் பையன், அவன் அப்பா இன்றும் கட்டுமரம் ஏறுகிறார். பெரியப்பா ஜெயகிருஷ்ணன் ஒரே பிடியாக முடியாது என்றுவிட்டார். அப்பா அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாதவர். அண்ணன் சொல்வதுதான் எனக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அப்பா சொன்னது இதுதான்: வெள்ளிக்கிழமை செல்லியம்மன் கோயிலில் பூ போட்டுப் பார்க்கப் போகிறோம். பெரியப்பாவும் சம்மதித்துவிட்டார். சிவப்பு அரளி வந்தால் கல்யாணம். வெள்ளை வந்தால் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.

போர்வெல் போடுவதற்கும் வயலை விற்பதற்கும்கூட எங்கள் வீட்டில் பூ போட்டுத்தான் பார்ப்பார்கள். இரண்டு பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் வைத்து ஒன்றை எடுப்பார்கள். வருவதுதான் அம்மன் வாக்கு.

விஷயத்தைச் சொன்னதும் விக்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். விழுந்தது விழுந்ததுதானே கீதா என்று கேட்டான். கையிலிருந்த மிக்சரை அவன் மேல் கொட்டிவிட்டு, கட்டாரியைத் தொங்கவிட்டபடியே பகடையைப் பைக்குள் போட்டேன்.

பஸ் ஸ்டாப் வரை கூட வந்த ஜெயவேலு, வெள்ளை வந்தால் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்றான். செய்துகொள்ளலாம்தான். ஆனால் எனக்கு என் அப்பா கஞ்சி போட்ட வேட்டியில் மண்டப வாசலில் நின்று வருகிறவர்களைக் கைகூப்பி வரவேற்க வேண்டும். அது இல்லாத கல்யாணம் எனக்கு வேண்டாம். இத்தனை நாள் எத்தனை பேர் உயிரைப் பகடையிடம் விட்டிருக்கிறேன், ஒருமுறைகூடக் கை நடுங்கியதில்லை. அந்த வாரம் முழுக்க சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அப்பாதான் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பூவைக் கட்டினார். இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்தார். பூசாரி எடுக்கக் கை நீட்டியபோது அப்பா தடுத்தார். வேண்டாம் சாமி, நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது, அண்ணனே எடுக்கட்டும் என்றார்.

பெரியப்பா கண்ணை மூடி, எதையோ முணுமுணுத்து, இடப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பெரியப்பா பூவையே சற்று நேரம் பார்த்தார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, “அம்மாவே சொல்லிட்டா. அப்புறம் நான் யாரு?” என்றார். அந்த மனிதரை அப்போதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அடுத்த நிமிடமே அப்பாவிடம் குரோம்பேட்டையில் எந்த மண்டபம் நல்லது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எனக்கொரு பழக்கம். பகடை விழுந்ததும் அதை எடுத்துப் புரட்டி, எல்லா முகமும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். அதே பழக்கத்தில் கை தானாகப் போய் இரண்டாவது பொட்டலத்தை எடுத்து நூலைப் பிரித்தது.

அதிலும் சிவப்பு.

நிமிர்ந்தேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

பெரியப்பா திரும்பினார். “அதுல இன்னாம்மா கீது?”

கையை இறுக மூடிக்கொண்டேன்.

“வெள்ளை, பெரியப்பா.”

வீடு திரும்பும்போது அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மேடவாக்கம் சாலை சிக்னலில் நின்றபோது அப்பா திரும்பாமலே, “ரெண்டு பூவும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. கண்ணாடி போடல, கை மாறிடுச்சு போல” என்றார்.

கண்ணாடி உங்கள் மூக்கு மேல்தான் இருந்தது என்றேன். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்.

“நான் சரின்னு சொல்லியிருந்தா அண்ணன் கடைசி வரைக்கும் என்கூடப் பேசமாட்டாரும்மா. அம்மன்கிட்ட அவர் கோச்சுக்க முடியுமா?”

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் பச்சை விழுந்ததையே பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை கட்டாரி பாலத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தான். ஜெயவேலு பகடைக்குக் கையை நீட்டினான். இன்றைக்கு நான் உருட்டுகிறேன் என்று சொல்லி, விக்கி வரவழைத்திருந்த பீட்சா டப்பாவின் மூடியை முன்னால் நிமிர்த்தி வைத்தேன். இதென்ன புதுப் பழக்கம் என்று விக்கி முறைத்தான்.

உருட்டினேன். மூன்று.

“பதினாலு” என்றேன்.

ஜெயவேலு நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தான். விக்கி மூடிக்கு மேல் எட்டிப் பார்ப்பதற்குள் பகடையை எடுத்துப் பையில் போட்டுவிட்டேன். சரியாகப் பார்த்தாயா என்று அவன் விடாமல் கேட்டான். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்த்தேன் என்றேன்.

ஜெயவேலு மூச்சு வாங்கியபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகமெல்லாம் பல்.

“பாத்தியா கீதா, இந்த வாரம் பூ போட்டாலும் நமக்கு விழுது, பகடை போட்டாலும் நமக்கு விழுது.”

“ஆமா, உனக்கு நல்ல நேரம்” என்று சொல்லிவிட்டு, கட்டாரியை மேலே தூக்கிவிட்டேன்.