பாலத்துக்கு முன்னால் ஒரு பெண்

யாழ்ப்பாணத்திலிருந்து லிந்துலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு மாற்றலாகி வந்த கஜதீபன் மாஸ்டருக்கு இரண்டு விஷயங்களில் பெருமை இருந்தது. ஒன்று அவருடைய கமரா. பக்கத்தில் இருப்பதையும் தூரத்தில் இருப்பதையும் அது ஒரே தெளிவாகக் காட்டும். மற்றது அவருடைய சட்ட அறிவு. புகைப்படக்காரரின் உரிமைகளைப் பற்றி வெளிநாட்டில் அச்சான ஒரு புத்தகத்தை அவர் முழுதாகப் படித்திருந்தார். பொது இடத்தில் நிற்பவரைப் படம் எடுக்க அவரிடம் கேட்க வேண்டியதில்லை என்று ஆசிரியர் அறையில் தேநீர் ஆறும்வரை விளக்குவார். யாரும் மறுத்துப் பேசியதில்லை. அங்கே வேறு யாரிடமும் கமராவும் இல்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஒரு சனிக்கிழமை, தலவாக்கலைக்குப் போகும் வழியில், ரயில் பாலம் தெரியும் வளைவில் மாஸ்டர் நின்றிருந்தார். பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுப் பெண்கள் மலையிலிருந்து ரோட்டுக்கு இறங்கினார்கள். முன்னால் வந்தவள் அந்தோனியம்மா. இடுப்பில் சாக்குப் படங்கு, தலையில் நனைந்த துணி, காலில் அட்டை கடித்து வழிந்த ரத்தம். மாஸ்டர் கமராவைத் தூக்கிச் சட்டென்று ஒரு படம் எடுத்தார்.

"ஐயையோ, என்னாங்க சார் இது! ஒரு வார்த்த கேட்டுட்டு எடுக்கக் கூடாதா? படங்கைக்கூட அவுக்கல."

"அம்மா, இது பொது ரோட்டு. பொது இடத்திலை நிக்கிற ஆளைப் படம் பிடிக்க ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லை. சட்டம் அப்பிடித்தான்."

பின்னால் வந்த அம்மாக்கண்ணு விடவில்லை. "அப்ப ரோட்டுல நிக்கிற மாட்டையும் கேக்காம ஓட்டிக்கிட்டுப் போயிரலாமா சார்?"

பெண்கள் சிரித்தார்கள். அந்தோனியம்மா சிரிக்கவில்லை. போட்டோ என்றால் நல்ல சேலை கட்டி, பவுடர் பூசி, ஸ்டூடியோவில் நிற்பது என்றுதான் அவளுக்குத் தெரியும். "கேட்டிருந்தா மாட்டேன்னா சொல்லப்போறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டு நடந்தாள். மாஸ்டர் தம் உரிமையோடு எதிர்ப்பக்கம் நடந்தார்.

வளைவைத் தாண்டியதும் காவலுக்கு நின்ற சிப்பாய் அவரை மறித்தான். கமராவைப் பார்த்தான். அடையாள அட்டையை வாங்கி, யாழ்ப்பாணம் என்ற ஊர்ப்பெயரைப் பார்த்தான். சந்தேகத்தின் பேரில் உள்ளே போகும் தமிழ் இளைஞன் எப்போது வெளியே வருவான் என்று அவனைப் பெற்றவர்களுக்கும் சொல்ல முடியாத யுத்த காலம் அது.

பொலிஸ் நிலையத்தில் மாஸ்டர் புத்தகத்தில் படித்ததை ஆங்கிலத்தில் ஒப்பித்தார். பொறுப்பதிகாரி பொறுமையான மனிதர். முழுவதும் கேட்டார். படச்சுருளைக் கழுவி வரச் செய்து, ஒரு படத்தை மேசையில் வைத்தார்.

"மாஸ்டர் சொல்வது சரி. ரோட்டில் மனிதரை எடுக்கலாம். பாலத்தை எடுக்கத்தான் தடை. இதில் நீங்கள் எடுத்தது எதை?"

நல்ல லென்ஸ். பெண்ணின் காலில் ரத்தக் கோடு தெரிந்தது. பின்னால் பாலத்தின் ஒவ்வொரு ஆணியும் தெரிந்தது.

"அந்தப் பெண்ணைத்தான், சேர்."

"அப்படியானால் கேட்டுத்தானே எடுத்திருப்பீர்கள்? அவள் வந்து அதைச் சொல்லட்டும். பெண்ணின் படம் என்று எழுதி முடித்துவிடுகிறேன். இல்லையென்றால் இது பாலத்தின் படம். திங்கட்கிழமை விசாரணைக்குக் கொழும்புக்குப் போக வேண்டிவரும்."

கேட்கத் தேவையில்லை என்று நிரூபிக்கும் பக்கம் மாஸ்டருக்கு மனப்பாடம். இந்த மேசையில் அந்தப் பக்கம் செல்லாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அந்தோனியம்மா வீடு திரும்பிய நேரம், ஒரு கான்ஸ்டபிள் படத்தோடு தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தார். அவள் புருஷன் கஸ்பர் படத்தை நன்றாக உற்றுப் பார்த்தான்.

"இது யாருன்னே தெரியாதுங்களே."

பக்கத்தில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். காக்கிச் சட்டை எதைக் கேட்டாலும் லயத்தில் முதல் பதில் அதுதான். பிழைத்துக் கிடக்க அவர்கள் கற்றுக்கொண்ட வழி அது.

"அப்போ சரி. அந்த யாழ்ப்பாணத்து மாஸ்டரை நாளைக்குக் கொழும்புக்குக் கொண்டுபோவாங்க" என்று கான்ஸ்டபிள் திரும்பினார்.

"இருங்க சார்" என்றாள் அந்தோனியம்மா. "அது நான்தாங்க."

பொலிசுக்குப் போகும் வழியெல்லாம் கஸ்பர் தலையில் அடித்துக்கொண்டான். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? சரி, 'கேட்டாரு, எடுங்கன்னேன்'னு சொல்லிட்டு வந்துரு. அம்புட்டுத்தான்."

"அவரு கேக்கலையே. காலையில பூசையில நன்மை வாங்கின நாக்குங்க. அதாலயே பொய் சொல்லவா?"

"அப்ப உள்ளதச் சொல்லு."

"சொன்னா அந்தப் புள்ள உள்ள போயிருமே."

"பொய்யும் ஆகாது, மெய்யும் ஆகாதுன்னா ஊமையா நடிக்கப் போறியா?"

அவள் சேலை முந்தானைக்குள் ஜெபமாலை உருண்டது.

நிலையத்தில் மாஸ்டர் சுவரோர வாங்குப் பலகையில் குறுகி உட்கார்ந்திருந்தார். ஓர் இரவில் ஆள் பாதியாகிவிட்டார். பொறுப்பதிகாரி படத்தைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டார். "இந்த மாஸ்டர் உன்னிடம் கேட்டுத்தான் எடுத்தாரா?"

அந்தோனியம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், ஒரு நிமிஷம் பொறுக்கும்படி கும்பிட்டாள். நேரே வாங்குக்குப் போனாள்.

"சார், இப்பக் கேளுங்க."

"என்னத்தைக் கேக்க, அம்மா?"

"நேத்துக் கேக்காம விட்டத."

மாஸ்டருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் எழுந்து நின்றார். "அம்மா, உங்களை ஒரு படம் எடுக்கட்டோ?"

அவள் சேலையைச் சரிசெய்துகொண்டாள். "நல்லா எடுங்க சார்."

பிறகு மேசைக்குத் திரும்பி வந்து, தலை நிமிர்ந்து சொன்னாள். "அவரு கேட்டாருங்க. நானும் சரின்னேங்க."

கஸ்பர் கூரையைப் பார்த்தான். பொறுப்பதிகாரி மலைநாட்டிலேயே வளர்ந்தவர். நல்ல தமிழ் தெரியும். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. எப்போது கேட்டார், எப்போது சரி என்றாய் என்று அவர் விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை. 'பெண்ணின் படம்' என்று எழுதினார். கமராவைத் திருப்பிக் கொடுத்தார். பெண்ணுக்குப் பின்னால் பாலம் நின்றதால் படத்தையும் சுருளையும் வைத்துக்கொண்டார். மாஸ்டருக்கு ஒரு கோப்பைத் தேநீரும் வரவழைத்தார்.

வெளியே வந்ததும் மாஸ்டருக்குக் கண் கலங்கியது. கடைக்கு ஓடிப்போய்ப் புதுச் சுருள் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். அந்தோனியம்மா பூசைக்குக் கட்டிய நீலச் சேலையில் நின்றாள். தலைமுடிகூடக் கலையவில்லை.

"அம்மா, நல்ல சீலையோடை நிக்கிறியள். இப்ப ஒண்டு எடுக்கட்டோ? பெரிசாக் கழுவிக் கொண்டுவந்து தாறன்."

"வேணாங்க சார்."

மாஸ்டர் திகைத்தார். "ஏன் அம்மா?"

"பசிக்குது. அடுப்பு மூட்டல. பஸ்ஸும் வந்துருச்சு."

கஸ்பர் பஸ் படியிலிருந்து கூப்பிட்டான். "வாங்க சார், நீங்களும் வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க. ரொட்டிதான்."

மாஸ்டர் கமராவைப் பைக்குள் வைத்துவிட்டு ஏறினார்.